மறுபதிப்பும் நம் வரலாறும்

2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவர் 1914இல் மறைந்தார். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. அந்த மறுபதிப்பு வழியாகத்தான் நம் தலைமுறை பண்டிதரைப் படித்தது, பிறகு பாடியது.

அதே 1999, ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். 2024இல் மாஞ்சோலையில் எஸ்டேட் வேலையும் நின்றுபோனது. மலையிறங்கும் மக்களின் சாட்சியங்களை இப்போதே எழுதி அச்சேற்றுவோம். பண்டிதருக்கு ஆன 85 ஆண்டுகள் இவர்களுக்கும் ஆக வேண்டாம்.