கிட்டார் பெடல்போர்டு: வரிசையின் வரலாறு

கிட்டார் பெடல்போர்டு என்பது மின்கிட்டாரின் ஒலியை மாற்றும் சிறு மின்னணுப் பெட்டிகளைப் பொருத்திவைக்கும் பலகை. காலால் மிதித்து இயக்குவதால் இப்பெட்டிகளுக்குப் பெடல் என்று பெயர். கிட்டாரிலிருந்து வரும் மின்குறிகை ஒவ்வொரு பெடலாகக் கடந்து ஆம்ப்ளிஃபயரை அடைகிறது. பெடல்கள் அவையே இருந்தாலும் வரிசை மாறினால் ஒலியும் மாறும். இன்று பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசையை யாரும் ஒரே நாளில் வகுக்கவில்லை. கருவிகளின் குறைகளும் அளவும் சேர்ந்து அதை உருவாக்கின.

தோற்றம்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்று பதிவானபோது, ஒலிக்கலவை மேசையில் ஏற்பட்ட பழுதால் கிரேடி மார்ட்டின் வாசித்த கிட்டாரின் ஒலி கரகரத்தது. அந்தக் கரகரப்பு பிடித்துப்போக, அதையே தரும் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்ற பெட்டி 1962-ல் விற்பனைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலுக்குப் பிறகே அதற்குப் பெரிய சந்தை கிடைத்தது. 1966-ல் வாவா பெடல் உருவானது.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பெரும்பாலும் வாவாவை முதலிலும் ஃபஸ்ஸை அடுத்தும் வைத்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஃபஸ் பெடல் தனக்கு முன்னால் உள்ள கருவியின் மின்குறிகையை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் வாவாவின் வீச்சு குறுகும், சில சமயம் கீச்சொலியும் எழும். பின்வந்த பலர் ஃபஸ்ஸைக் கிட்டாருக்கு நேரடியாக அடுத்து வைத்ததற்கு இதுவே காரணம்.

எக்கோ கருவிகள் கடைசி இடத்துக்கு வந்த கதை வேறு. 1959-ன் எக்கோபிளெக்ஸும் 1974-ல் ரோலண்ட் வெளியிட்ட ஸ்பேஸ் எக்கோவும் காந்தநாடா சுழலும் பெரிய பெட்டிகள். தரையில் வைத்து மிதிக்க முடியாதவை ஆதலால் ஆம்ப்ளிஃபயருக்கு அருகிலேயே இருந்தன. காதுக்கும் அந்த இடமே பொருந்தியது. எக்கோவுக்குப் பிறகு ஃபஸ் வந்தால் தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலிகளையும் அது உரக்கப் பெருக்கும்; எல்லாம் கலந்து இரைச்சலாகிவிடும்.

1977-ல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் ஒரே அளவில் அமைந்த சிறு பெடல்களை வெளியிட்டது. அதன் பிறகே பலகையில் நெருக்கமாக அடுக்குவது எளிதாயிற்று. அதற்கு முன்பு, 1970-களில், லண்டனின் பீட் கார்னிஷ் போன்றோர் பெரிய குழுக்களுக்கென்றே தனித்தனியாகப் பலகைகள் செய்து கொடுத்தனர்.

தமிழ்நாட்டில்

1970-களில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்க, பாடல்கள் ஒரே மூச்சில் பதிவாயின. 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜாவே கிட்டார் கலைஞர். அவர் இசையில் கிட்டாருக்குப் பெரிய இடம் இருந்தது. இத்தகைய பதிவில் பல்லவிக்கு ஒரு ஒலி, இடையிசைக்கு வேறொரு ஒலி என்றால் கலைஞர் வாசித்துக்கொண்டே மாற்றியாக வேண்டும். கால் ஒரு நொடி தவறினால் வயலின்காரர்கள் முதல் பாடகர் வரை எல்லோரும் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

மேடைக் கச்சேரியில் தொல்லை வேறு. சித்தையன்கோட்டை போன்ற பேரூர்களின் திருவிழா மேடையில் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரே ஜெனரேட்டர் என்றால் கிட்டாரில் 'ம்ம்' என்ற உறுமல் ஏறும். ஃபஸ் பெடல் அந்த உறுமலையும் சேர்த்தே பெருக்கும். பெடல்களுக்கு மின்சாரத்தைத் தனித்தனியாகப் பிரித்துத் தருவது இங்கே ஆடம்பரம் அல்ல.

கர்நாடக இசையில்

மேற்கத்திய வரிசை அப்படியே செல்லுபடியாகாத இடம் கர்நாடக இசை. சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின்கிட்டாரில் இவ்விசையை வாசித்தவர்கள். பிரசன்னாவின் 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' (2006) ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக அமைந்த தொகுப்பு.

கமகத்தில் ஒரே மீட்டலிலேயே பல சுரங்களைத் தொட்டு நழுவ வேண்டும். ஒலி நீடிக்காவிட்டால் கமகம் பாதியில் அறுந்துவிடும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸரை வரிசையின் தொடக்கத்தில் வைத்தால் அந்த நீட்சி கிடைக்கும். டிலேயை அதிகமாக வைத்தால் முந்திய சுரத்தின் எதிரொலி அடுத்த சுரத்தின்மேல் விழுந்து ராகத்தின் உருவம் கலங்கும். கோரஸ் பெடல் இன்னும் ஆபத்தானது. அது சுரத்தைச் சற்றே மேலும் கீழும் ஆட்டித்தான் தன் வேலையைச் செய்கிறது; தம்புராவின் அருகில் அந்த ஆட்டம் சுருதி விலகலாகவே கேட்கும். சினிமாப் பாட்டில் இனிக்கிற இந்தப் பெடலைக் கச்சேரிப் பலகையில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

பல விளைவுகளை ஒரே பெட்டியில் அடக்கிய கருவிகள் 1990-களில் பரவின. பாட்டுக்குப் பாட்டு வேண்டிய வரிசையை அவற்றில் முன்கூட்டியே சேமித்துவைக்கலாம். தோளில் ஒரு பையோடு பேருந்து ஏறும் மெல்லிசைக் குழுக் கலைஞருக்கு இது பெரிய வசதி.