அக்கா தங்கை பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்பவர்கள் கவனத்திற்கு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் துபாயில் வேலை செய்யும் அத்தாவைப் பார்க்க, சிங்கப்பூர் உறவினர் வீட்டுக்கு, உம்ராவுக்கு என்று நம் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். பெற்றோர் கூட வர முடியாதபோது மாமாவோ சாச்சாவோ நன்னிமாவோ அழைத்துப் போவது நம் குடும்பங்களில் சாதாரணம். டிக்கெட்டும் விசாவும் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் குடியேற்றக் கவுண்டரில் "இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால், வாயால் சொல்லும் பதில் மட்டும் போதாது.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அத்தாவின் பெயர்தான் இனிஷியல். தாய்மாமன் பாஸ்போர்ட்டில் அவருடைய அத்தா பெயர் இருக்கும், மருமகன் பாஸ்போர்ட்டில் மச்சானின் பெயர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் உறவினர் என்று காட்ட ஒரு எழுத்துகூடப் பொதுவாக இருக்காது.

ஆகவே உறவைக் காகிதத்தில் கோர்த்துக் காட்ட வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இருக்கிறது. தாயின் பாஸ்போர்ட்டிலோ பள்ளி மாற்றுச் சான்றிதழிலோ அவருடைய தந்தை பெயர் இருக்கிறது. அதே தந்தை பெயர் மாமாவின் பாஸ்போர்ட்டிலும் இருக்கும். மூன்றையும் வரிசையாக வைத்தால் உறவு தெரிந்துவிடும். சாச்சா, பெரியத்தா என்றால் பிள்ளையின் தந்தை வழியாக இதே கணக்கு. நன்னிமாவுக்கு இன்னும் எளிது, தாயின் ஆவணத்தில் அவர் பெயரே இருந்தால் போதும்.

இந்தச் சங்கிலி அறுந்துபோவது பெரும்பாலும் எழுத்துக் கூட்டலில்தான். முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நம் வீடுகளில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். ஷேக், சேக், ஷேக்கு என்பதும் அப்படித்தான். பயணத்துக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே எல்லா ஆவணங்களையும் ஒரே மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் முதலில் பிறப்புச் சான்றிதழ், அதன் பிறகு பாஸ்போர்ட். பெயர் ஒற்றைச் சொல்லாக இருப்பதும் தொல்லைதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்றது; பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் அச்சாகியிருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. பிள்ளைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும்போதே குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை நிரப்பிவிடுவது நல்லது.

அடுத்தது சம்மதக் கடிதம். இதை ஆங்கிலத்தில் எழுதி, தாய் தந்தை இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், அழைத்துச் செல்பவரின் பெயர், பாஸ்போர்ட் எண், உறவு, போகும் நாடு, போகிற தேதி, திரும்புகிற தேதி, தங்கும் முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். அவசரச் சிகிச்சைக்கு ஒப்புதல் தர அவருக்கு அனுமதி உண்டு என்ற வரியை மறக்க வேண்டாம். தந்தை வளைகுடாவில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் தனியாகச் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். எல்லா நாடும் இதைக் கேட்பதில்லை. கேட்கும் இடத்தில் இல்லாவிட்டால் பிள்ளையோடு கவுண்டர் ஓரம் காத்திருக்க வேண்டிவரும்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் மாமா பெற்றோரின் இடத்தில் நிற்க முடியாது. பெற்றோர் இருவரும் அனெக்சர் 'டி' உறுதிமொழி தர வேண்டும். ஒருவருடைய சம்மதம் பெற முடியாத நிலை என்றால் அனெக்சர் 'சி'. கட்டணம் 1,000 ரூபாய், 8 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி. செல்லுபடி 5 ஆண்டுதான் என்பதால் பயண நாளில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படுகிறது.

உம்ரா என்றால் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசி தேவை, அதுவும் சவூதி சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு. ஹஜ் வேறு, 2025 ஹஜ்ஜில் குழந்தைகளை உடன் அழைத்துவர சவூதி அனுமதிக்கவில்லை. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை அட்டையை மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், பிள்ளைக்கும் சேர்த்து. கோடீன் கலந்த இருமல் மருந்து வளைகுடாவில் பிரச்சினை ஆகும். குருமாவுக்கு என்று அம்மா கட்டிக்கொடுக்கும் கசகசாவும் அப்படியே. சவூதி, அமீரகம், சிங்கப்பூர் மூன்றிலும் அதற்குத் தடை.

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வெளிநாட்டவர் நடமாட்டம் அதிகம் என்பதால் செங்கம் சாலை டிராவல்ஸ்காரர்களுக்கு விசா விஷயம் பழக்கமானதுதான். ஆனால் வருகிறவர்களின் விசா வேறு, இங்கிருந்து போகும் சிறுவரின் ஆவணம் வேறு. அதை நீங்களே சரிபாருங்கள். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். செங்கம் சாலை கிரிவலப் பாதையில் வருவதால் பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் வண்டி எடுப்பது பெரும்பாடு. டிக்கெட் போடும் முன் பிறையைப் பாருங்கள்: அய்யாமுல் பீள் நோன்பு நாட்களை ஒட்டியே பௌர்ணமி வரும். அந்தத் தேதிதான் அமைகிறது என்றால் முந்தின நாளே சென்னைக்குப் போய்விடுங்கள்.

பிள்ளையிடமும் பேசிவையுங்கள். அதிகாரி பிள்ளையையே பார்த்து "இவர் யார், பெயர் என்ன?" என்று கேட்கக்கூடும். பல பிள்ளைகளுக்கு அவர் "மாமா" மட்டும்தான். மாமாவின் முழுப் பெயர், எங்கே போகிறோம், யார் வீட்டில் தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம், அம்மாவின் போன் நம்பர் என்ன என்பதை விமானத்துக்கு முந்தின வாரமே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.