உருளைக்கிழங்கைக் கருக்கும் 'பூஞ்சை', பூஞ்சையே இல்லை: இது ஏன் முக்கியம்?

குளிரும் ஈரமும் சேர்ந்த நாட்களில் உருளைக்கிழங்கு வயலில் இலைகள் ஓரத்திலிருந்து கருக ஆரம்பிக்கும். சூழல் சாதகமாக இருந்தால் சில நாட்களிலேயே முழு வயலும் போய்விடும். 'பூஞ்சை நோய்தானே, பூஞ்சைக்கொல்லி அடிச்சா சரியாயிடும்' என்று நீங்கள் நினைக்கலாம். சிக்கலே அங்குதான்.

இதைச் செய்வது எது?

ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற நுண்ணுயிரி. 1845-இல் அயர்லாந்தில் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குக் காரணமான பயிர் நோய் இதுதான். அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். 1876-இல் இதற்கு இந்தப் பேரினப் பெயரைச் சூட்டியவர் ஜெர்மன் விஞ்ஞானி ஆன்டன் டி பாரி. 'தாவர அழிப்பான்' என்பது பொருள்.

பூஞ்சை இல்லையென்றால் வேறென்ன?

இது 'ஊமைசீட்ஸ்' என்ற பிரிவைச் சேர்ந்தது. நூல் நூலாக வளர்வது, உணவை உறிஞ்சிக்கொள்வது, வித்து பரப்புவது என்று பார்க்க அச்சு அசல் பூஞ்சை மாதிரியே இருக்கும். ஆனால், சொந்தம் வேறு. இதன் உறவினர்கள் கடலில் வளரும் பழுப்புப் பாசிகளும் டயட்டம்களும். பூஞ்சைகளுக்கோ, பரிணாம மரத்தில் செடிகளைவிட விலங்குகள்தான் நெருக்கம். அதாவது, நாம்!

பள்ளியில் வேறு மாதிரி படித்தோமே?

ஆமாம். விட்டேக்கர் 1969-இல் முன்வைத்த ஐந்து உலக வகைப்பாட்டைத்தான் நம்மில் பலர் படித்தோம். என்சிஇஆர்டி 11ஆம் வகுப்பு உயிரியலில், கடுகுச் செடியைத் தாக்கும் அல்புகோ என்ற ஊமைசீட்டும் ரொட்டிப் பூஞ்சையான ரைசோபஸும் ஒரே வகுப்பில் இருந்தன. தோற்றத்தையும் உணவுமுறையையும் வைத்துப் பிரித்ததன் விளைவு இது. பிறகு மரபணுக்களை ஒப்பிட்டபோதுதான் இரண்டும் தனித்தனிக் கிளைகள் என்பது உறுதியானது.

விவசாயிக்கு என்ன வித்தியாசம்?

பணம்தான். பூஞ்சையின் செல் சுவரில் கைட்டின் முக்கியம், ஊமைசீட்டில் செல்லுலோஸ். 'அசோல்' வகை மருந்துகள், பூஞ்சை எர்கோஸ்டெரால் தயாரிப்பதைத் தடுத்து அதைக் கொல்பவை. ஃபைட்டோப்தோரா ஸ்டெராலையே தயாரிப்பதில்லை. அப்புறம் எதைத் தடுப்பது? பரவலாக விற்கப்படும் கார்பெண்டாசிமும் இதனிடம் எடுபடாது.

அப்போ எதுவுமே வேலை செய்யாதா?

செய்யும். மேங்கோசெப், போர்டோ கலவை போன்றவை நோய் வருமுன் அடித்தால் இரு தரப்பையும் தடுக்கும். மெட்டாலாக்சில் குறிப்பாக ஊமைசீட்டுகளுக்கானது. ஆனால், அதை எதிர்த்து நிற்கும் ரகங்கள் 1980-லேயே ஐரோப்பாவில் தோன்றிவிட்டன. அதனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது.

அடுத்த முறை மருந்துக் கடையில் 'பூஞ்சைக்கொல்லி' என்று மட்டும் கேட்காதீர்கள். நோயின் பெயரைச் சொல்லி, அது அந்த மருந்தின் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.