மொரப்பூர் - தருமபுரி: காணாம போன குட்டி ரயில்

சென்னையில டிராம் ஓடின கதை எல்லாருக்கும் தெரியும். 1895ல ஆரம்பிச்சு 1953ல நின்னு போச்சு. பழைய போட்டோவைப் பார்த்துப் பெருமூச்சு விடுறவங்க இன்னைக்கும் இருக்காங்க. எங்க தருமபுரிக்கும் அப்படி ஒரு கதை உண்டுங்க. டிராம் இல்லை, குட்டி ரயில். பெருமூச்சு விடத்தான் ஆள் இல்லை :)

காலேஜ் படிக்கும்போது சென்னைக்கு ரயில்ல போகணும்னா, தருமபுரியில பஸ் ஏறி மொரப்பூர் போய்த்தான் பிடிப்பேன். ஒரு நாள் ராத்திரி பஸ் லேட். ரயில் கண்ணு முன்னாடியே கிளம்பிடுச்சு. வீட்டுக்கு வந்து புலம்பினப்போ தாத்தா சொன்னார்: "எங்கப்பா காலத்துல இங்கிருந்தே மொரப்பூருக்கு ரயில் போச்சுடா."

நம்பலை. அப்புறம் தேடிப் படிச்சேன்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்துல, அப்போ தருமபுரியும் சேர்ந்திருந்த சேலம் ஜில்லா பயங்கரமா அடி வாங்குச்சு. மெயின் லைன் மொரப்பூர் வழியா ஏற்கெனவே ஓடிட்டு இருந்தது. ஆனா ஸ்டேஷன்ல இருந்து ஊருக்குள்ள தானியம் வர மாட்டு வண்டிதான். பஞ்சத்துல மாட்டுக்கு மட்டும் தீவனம் எங்கே இருக்கும்? லாபம் வராட்டியும் பரவாயில்லை, வறண்ட பகுதிகளுக்கு ரயில் போடணும்னு அதுக்கப்புறம்தான் அரசாங்கத்துக்கு உறைச்சது.

அந்தக் கணக்குல வந்ததுதான் 1905ல திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதையும், 1906ல மொரப்பூர் - தருமபுரி பாதையும். நம்ம பாதை சுமார் 30 கிலோமீட்டர். 1913ல அதை ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. செலவைக் குறைக்க தண்டவாள அகலம் வெறும் இரண்டரை அடி. மெயின் லைனோ ஐந்தரை அடி. அதனால ஒவ்வொரு மூட்டையையும் மொரப்பூர்ல இறக்கி, வேற வண்டியில ஏத்தணும். லாரி வந்த காலத்துல இந்த வேலையை யார் விரும்புவாங்க?

உலகப் போர் நடந்துக்கிட்டிருந்த 1941ல பாதையை மூடிட்டாங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம் சேலம் - பெங்களூர் பாதை தருமபுரி வழியா வந்தது. மொரப்பூர் இணைப்பு மட்டும் வரலை. புது அகலப் பாதைக்கு அடிக்கல் நாட்டினது 2019ல. நடுவுல 78 வருஷம்!

பசிக்காகப் போட்ட பாதையை லாப நஷ்டக் கணக்கால அளக்கலாமா? மூடுறதுக்கு ஒரு உத்தரவு போதும். திரும்பக் கேட்டு வாங்க மூணு தலைமுறை ஆகுது. அன்னைக்கு நான் விட்டது ஒரு ரயிலைத்தான். எங்க ஊர் விட்டது எத்தனையோ.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு பாதை இருந்ததா? வீட்டுப் பெரியவங்ககிட்ட இப்பவே கேட்டு எழுதி வைங்க மக்களே.