கரும்பு போச்சு, ஐஸ் நின்னுச்சு

இன்னைக்கு எபிசோட் ஒரு ஐஸ் கடையைப் பற்றி.

ஹவாயில், ஓவாஹு தீவின் வடக்குக் கரையில் ஹலேயிவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே மாட்சுமோட்டோ குடும்பம் 1951லிருந்து கடை நடத்துது. ஷேவ் ஐஸ் வாங்க டூரிஸ்டுகள் வரிசையில் நிற்பாங்க. பஞ்சு மாதிரி சீவின ஐஸ், மேலே வானவில் கலரில் சிரப். ஆனா இது ஆரம்பிச்சது மளிகைக்கடையாத்தான். யாருக்கான மளிகை? அங்கதான் கதை இருக்கு.

1885 பிப்ரவரி. ஹவாய் அப்போ தனி ராஜ்ஜியம். 'சிட்டி ஆஃப் டோக்கியோ' என்ற கப்பலில் 900க்கும் மேற்பட்ட ஜப்பானியர்கள் ஹொனலூலுவில் வந்து இறங்கினாங்க. கரும்புத் தோட்டத்தில் 3 வருஷ ஒப்பந்தம். ஆண்களுக்கு மாசம் 9 டாலர் சம்பளம், சாப்பாட்டுக்கு 6 டாலர். அடுத்தடுத்து கப்பல்கள் வந்துக்கிட்டே இருந்தது. 1920இல் ஹவாய் மக்களில் 10க்கு 4 பேர் ஜப்பானிய வம்சாவளி.

தோட்டத்தில் தொழிலாளிக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். 'பாங்கோ' என்று ஒரு உலோக வில்லை. தோட்டத்துக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கினா, அந்த நம்பரில் எழுதி, சம்பளத்தில் பிடிச்சுக்குவாங்க. அப்படிப்பட்ட இடத்தில், தொழிலாளி குடும்பத்து ஆள் ஒருத்தர் சொந்தமா கடை போடுறது சாதாரண விஷயம் இல்லை. மமோரு மாட்சுமோட்டோவும் வையலுவா சர்க்கரைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்தான். அவரும் மனைவி ஹெலனும் சேர்ந்துதான் இந்தக் கடையைத் திறந்தாங்க.

ஐஸைச் சீவிச் சாப்பிடுறது ஜப்பானில் ரொம்பப் பழைய பழக்கம். 'ககிகோரி' என்பாங்க. சுமார் 1000 வருஷத்துக்கு முன்னாடியே செய் ஷோனகான் என்ற எழுத்தாளர் இதைப் பற்றி எழுதியிருக்காங்க. ஐஸ் கட்டியைச் சுழலவிட்டு பிளேடில் சீவணும். நொறுக்கின ஐஸில் சிரப் அடியில் போய்த் தங்கிடும். சீவினதில் ஊறி நிற்கும்.

பெயரைக் கவனிங்க. ஆங்கில இலக்கணப்படி 'ஷேவ்டு ஐஸ்' என்றுதான் வரணும். ஹவாயில் யாரும் அப்படிச் சொல்றதில்லை. தோட்டத்தில் ஹவாயியர், சீனர், போர்ச்சுகீசியர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள் சேர்ந்து வேலை செஞ்சதில் உருவான பேச்சுமொழி 'பிட்ஜின்'. அந்தப் பேச்சில் வந்த பெயர்தான் 'ஷேவ் ஐஸ்'. ஹீலோ பக்கம் போனா 'ஐஸ் ஷேவ்' என்று திருப்பிச் சொல்வாங்க.

மாட்சுமோட்டோ கடையில் முதலில் ஐஸ் வெறும் சைடு ஃபீச்சர். வடக்குக் கரையின் பெரிய அலைகளைத் தேடி சர்ஃபர்கள் வர ஆரம்பிச்சதும் அதுவே மெயின் ப்ராடக்ட் ஆச்சு. அப்புறம் மகன் ஸ்டான்லி கடையை எடுத்து நடத்தினார். 1996இல் வையலுவா சர்க்கரை ஆலை மூடப்பட்டது. அந்த வட்டாரத்துக்கே படியளந்த கம்பெனி போயிடுச்சு. அங்கே கூலி வேலை பார்த்தவர் போட்ட கடை நிற்குது.

ஹவாய்ன்னா நமக்கு பீச், சர்ஃபிங், கலர் ஐஸ். அந்த போட்டோவில் கரும்பு வெட்டினவங்க இல்லை. ஆனா கடையில் 'அசுகி' கேட்டுப் பாருங்க. சர்க்கரைப் பாகில் வேகவைச்ச சிவப்புப் பயறு, ககிகோரியோட பழைய கூட்டாளி. அதை அடியில் போட்டு, மேலே ஐஸைக் குவிச்சுத் தருவாங்க. வானவில் கலரெல்லாம் தின்னு முடிச்சாத்தான் கண்ணுல படும்.