ஓர்க்காவும் பாய்மரப் படகும்

கடலில் கலம் செலுத்துவோர்க்குக் காற்றும் பாறையுமே பெரும்பகை என்பது பழைய எண்ணம். 2020ஆம் ஆண்டு முதல் ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளின் கரையோரம் செல்லும் பாய்மரப் படகினர்க்கு வேறோர் அச்சமும் சேர்ந்துள்ளது. ஓர்க்கா என்னும் பெருங்கடலுயிர் படகின் பின்புறம் வந்து சுக்கானை முட்டுகிறது. சில வேளைகளில் அதனை முறித்தும் விடுகிறது. இச்செயலைப் போர் என்பதா, பழிவாங்கல் என்பதா, விளையாட்டு என்பதா? இவ்வினாவுக்கு மனிதர் கூறும் விடையைப் பொறுத்தே அவர் செய்யும் செயலும் அமைகின்றது. ஆதலின் இச்செய்தியைத் தொடக்கத்திலிருந்து நோக்குதல் தகும்.

ஓர்க்கா கறுப்பும் வெள்ளையும் கலந்த மேனியுடையது. 'கொலைத் திமிங்கிலம்' என மக்கள் வழங்கினும், அது ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது; அக்குடும்பத்தில் மிகப் பெரியதும் அதுவே. தாயைச் சுற்றியே அதன் கூட்டம் அமைகின்றது. இளையவை மூத்தவற்றைப் பார்த்து வேட்டை முறைகளைக் கற்கின்றன. ஒன்று கண்டதை மற்றொன்று பின்பற்றும் இவ்வியல்பு நினைவிற்கொள்ளத்தக்கது.

ரோமானிய அறிஞர் பிளினி, முதலாம் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' என்னும் நூலில் ஓர்க்காவைக் குறிப்பிடுகின்றார். இன்றைய காடிஸ் நகரையொட்டிய கடலில் திமிங்கிலங்களை அது தாக்குவதாகக் கூறுகின்றார். மற்றொரு நிகழ்ச்சியையும் அவர் தருகின்றார். கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிளாடியஸ் பேரரசன் ஒஸ்தியாவில் துறைமுகம் கட்டுவித்த காலம் அது. தோல் ஏற்றி வந்த கப்பலொன்று அங்கே உடைந்தது. அத்தோலைத் தின்ன வந்த ஓர்க்கா ஆழமற்ற நீரில் சிக்கிக்கொண்டது. பேரரசன் துறைமுக வாயிலில் வலைகளைக் கட்டுவித்து, தன் மெய்க்காவற் படையுடன் சென்று, மரக்கலங்களிலிருந்து ஈட்டி எறியச் செய்தான். மக்கள் அதனைக் காட்சியாகக் கண்டு களித்தனர். விலங்கு பீறிட்ட நீர் நிறைந்து ஒரு படகு மூழ்கியதைத் தாமே கண்டதாகப் பிளினி எழுதியுள்ளார். விலங்கு வந்தது இரைக்காக. மனிதர் அதனிடம் கண்டதோ பகையை.

இவ்வெண்ணம் நெடுங்காலம் மாறவில்லை. 1964ஆம் ஆண்டிற்கூட, கனடாவின் வான்கூவர் நகரக் கடலுயிர்க் காட்சியகத்தார், சிலை வடிப்பதற்கு மாதிரியாக ஓர்க்கா ஒன்றைக் கொன்று கொண்டுவர ஆட்களை அனுப்பினர். எறியீட்டி பட்டும் அது சாகவில்லை. உயிரோடு கொணர்ந்து ஏறத்தாழ மூன்று மாதம் வைத்திருந்தபோது, அது சாந்தமாக இருத்தலைக் கண்டு மக்கள் வியந்தனர். கொடிய விலங்கு என்ற கருத்து அதன்பின் தளரத் தொடங்கியது.

எனினும் அச்சத்திற்குக் காரணமே இல்லை எனக் கூறுதல் இயலாது. 1972 சூன் மாதத்தில் பசிபிக் பெருங்கடலில், கலாப்பகோஸ் தீவுகளுக்கு மேற்கே, டூகல் ராபர்ட்சன் என்பவரின் 'லூசெட்' என்னும் பாய்மரப் படகை ஓர்க்காக்கள் மோதி உடைத்தன. படகு சில நிமிடங்களில் மூழ்கியது. அதிலிருந்த ஆறு பேரும் 38 நாட்கள் கடலில் மிதந்து, சப்பானிய மீன்பிடிக் கப்பலொன்றால் மீட்கப்பட்டனர்.

இனி, 2020இல் தொடங்கிய நிகழ்ச்சிகளுக்கு வருவோம். ஜிப்ரால்டர் நீரிணையிலும் அதனை அடுத்த அத்திலாந்திக் கரையிலும் வாழும் ஓர்க்காக்கள் மிகச் சிலவே. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 39 இருந்தன. 2019இல் இக்கூட்டம் அழிவின் விளிம்பில் உள்ளதெனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. நீலத்துடுப்புச் சூரை மீனே இவற்றின் முதன்மையான இரை. இவ்விரையின் போக்கை ஒட்டியே இவை இளவேனிலில் நீரிணைப் பக்கமும், பின்னர் வடக்கே கலீசியாக் கரைப் பக்கமும் செல்கின்றன. படகினரும் அதே வழியில், அதே பருவத்தில் செல்கின்றனர்.

2020 செப்டம்பரில் கலீசியாக் கரையின் ஒரு பகுதியில் 15 மீட்டர் வரை நீளமுள்ள பாய்மரப் படகுகள் செல்லலாகாதென ஸ்பெயின் அரசு தடை விதித்தது. அதன்பின் பல நூறு நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. பெரும்பாலானவற்றில் சேதம் சிறிது, அல்லது இல்லை. ஆயினும் 2022இல் போர்த்துகல் கரையிலும், 2023 மே மாதத்தில் பார்பாத்தே அருகிலும், அவ்வாண்டின் அக்டோபரில் மொரோக்கோ கரையருகிலும், 2024 மே மாதத்தில் நீரிணைப் பகுதியிலும் படகுகள் மூழ்கின. இவற்றில் உயிரிழந்தவர் எவருமிலர்.

காரணம் யாது? 2023இல் உலகச் செய்தித்தாள்கள் பழிவாங்கல் என்று எழுதின. 'வெள்ளை கிளாடிஸ்' எனப் பெயரிடப்பட்ட பெண் ஓர்க்கா படகொன்றால் துன்புற்றதென்றும், பிறவற்றை அது தூண்டியதென்றும் கூறின. அக்கருத்துக்கு நேரிய சான்று இல்லை. 2024 பிப்ரவரியில் பன்னாட்டுத் திமிங்கில ஆணையத்தின் சார்பில் மாட்ரிட் நகரில் கூடிய அறிஞர்கள், இதனைப் பகைச்செயலாகக் கொள்ளவில்லை. சுக்கான் அசைகிறது, தள்ளினால் எதிர்த்துத் தள்ளுகிறது, இளம் ஓர்க்காக்களுக்கு அது விளையாட்டுப் பொருளாகியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பெரும்பாலும் இளையவையே ஈடுபடுவதும் இதற்கு ஒத்திருக்கின்றது.

இக்கருத்து வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பகை என்று கொண்டவர் சிலர் வெடிகளை எறிந்தனர். எஞ்சியுள்ள சிலவற்றில் ஒன்று இறப்பினும் அக்கூட்டத்திற்குப் பேரிழப்பாகும்; காப்புச் சட்டத்திற்கும் அது மாறானது. விளையாட்டு என்று கொண்டவர், விளையாட்டுப் பொருள் அசையாவிடின் சலிப்புண்டாகும் என எண்ணினர். ஆதலின் தொடக்கத்தில், பாயை இறக்கி, பொறியை நிறுத்தி, சுக்கானை விட்டுவிட்டு அசையாதிருக்குமாறு அறிவுரை கூறப்பட்டது. இது பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் படகினர் எழுதியனுப்பிய குறிப்புகள் பெருகப் பெருக, நின்ற படகுகளும் சேதமுற்றமை தெரியவந்தது. ஆகவே 2024இல் ஸ்பெயின் அரசு தன் அறிவுரையை மாற்றிற்று: நிற்க வேண்டா, பொறியை இயக்கி, ஆழங்குறைந்த கரைப் பக்கம் செல்க என்றது.

அவ்வறிவுரையின் பிற கூறுகளும் எளியவை. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை காடிஸ் வளைகுடாவிலும் நீரிணையிலும் கூடுமானவரை ஆழ்கடல் வழியைத் தவிர்த்துக் கரையை ஒட்டிச் செல்ல வேண்டும். ஓர்க்கா வந்தால் எவரும் படகின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கலாகாது. நடுப்பகுதியில் இருத்தல் வேண்டும். விலங்குக்குத் தீங்கு செய்யலாகாது. சுக்கான் முறிந்து நீர் புகுந்தால் உடனே மீட்புப் படையை வானொலிவழி அழைக்க வேண்டும். கரைப் பக்கம் செல்வதிலும் கருத்து வேண்டும். பார்பாத்தே, தரிஃபா முதலிய ஊர்களின் மீனவர் பண்டுதொட்டு இளவேனிலில் சூரைக்கு இடும் பெருவலைகள் அங்குக் கடலில் நீண்டிருக்கும், பாறைகளும் உண்டு. எனவே வழியை முன்னரே கடற்படத்தில் பார்த்துக் குறித்துக்கொள்பவரே தப்புவர்.

கிளாடியஸ் காலத்தில் ஓர்க்காவை எதிர்கொள்ள ஈட்டி இருந்தது. இன்று பதிவேடு இருக்கின்றது. நாள், இடம், ஆழம், படகின் வேகம், விலங்கு செய்தது, தாம் செய்தது ஆகியவற்றைப் படகினர் பலர் எழுதி அனுப்புகின்றனர். நன்றெனத் தோன்றிய முதல் அறிவுரை தவறென்று உணர்ந்து திருத்தப்பட்டதும் அக்குறிப்புகளாலேயே. இன்றைய அறிவுரையும் நாளை திருத்தப்படலாம். அஞ்சியவர் ஈட்டி எடுத்தனர். பொறுமையாய்க் குறித்து வைத்தவரோ பின்வருவோர்க்கு வழி காட்டினர். படகிலுள்ள மனிதரும், அழிவின் விளிம்பிலுள்ள அச்சிறு கூட்டமும் ஒருங்கே பிழைத்திருக்க அவ்வழியே துணையாகும்.