கஞ்சித் தொட்டியும் கணக்குப் புத்தகமும்

வடசென்னையின் முதியவர்களிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெயருக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர்க்குத் தெரியாது. ஊர்ப்பெயர்களும் வழக்குப்பெயர்களும் இப்படித்தான். காரணம் மறைந்த பின்னும் சொல் நிலைத்துவிடுகிறது.

அந்தப் பெயரை அண்மையில் எனக்கு நினைவூட்டியவர் என் பழைய மாணவர் ஒருவர். திருவொற்றியூர்க்காரர். தமிழ் இலக்கியம் படித்துப் பின்னர் வணிகவியலும் கற்று, இப்போது வெளிநாட்டு நிதியில் நடைபெறும் காலநிலைத் திட்டமொன்றின் அலுவலகத்தில் நிதியையும் நிர்வாகத்தையும் ஒருங்கிணைக்கும் பணியில் இருக்கிறார். வீட்டுக்கு வந்தவர், "ஐயா, ரீஇம்பர்ஸ்மெண்டுக்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வேண்டும்" என்றார். 'ஈடுசெய்தல்' என்றேன். குறித்துக்கொண்டார். புறப்படும்போது, "எங்க ஊருக்கு வர்ற பணம்தான் ஐயா. ஆனா அது எப்படி வருது, எங்க போகுதுன்னு எங்க அம்மாவுக்குச் சொல்லத் தெரியல" என்றார். அந்த வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இயற்கை பொய்த்தபோது கடல் கடந்து பணம் வருவதும், அந்தப் பணத்துக்குக் கணக்கெழுத ஓர் அலுவலகம் அமைவதும் வடசென்னைக்குப் புதியன அல்ல. நூற்றைம்பது ஆண்டு வரலாறு அதற்கு உண்டு.

*

1780-இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தன. கிராமங்கள் வெறிச்சோடின, பசித்த மக்கள் சென்னப்பட்டணத்தை நோக்கி வந்தனர். 1782-இல் நகரின் மதிலுக்கு வடபுறம் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். ஆங்கிலேயர் நாவில் 'மோனேகர் சவுல்ட்ரி' ஆயிற்று. 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அந்த வித்துதான் பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாகக் கிளைத்தது. தொட்டி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. வறட்சியுற்ற காஞ்சியில் அவள் அதைக் கொண்டு உணவளித்தாள் என்கிறது காப்பியம். குறையாத பாத்திரத்துக்குக் கணக்கு வேண்டியதில்லை. மனிதர் வைக்கும் தொட்டியோ குறையும். குறையும் பொருளைப் பலருக்குப் பகிரும்போதுதான் கணக்குப்பிள்ளை வருகிறார். அவரோடு, 'யாருக்கு, எவ்வளவு, எதற்காக' என்ற மூன்று கேள்விகளும் வருகின்றன.

இக்கேள்விகள் கொடூரமான வடிவெடுத்தது தாது வருஷப் பஞ்சத்தில். 1876-இல் பருவமழை பொய்த்தது. பசிபிக் பெருங்கடலின் நீர் வெப்பமடையும் எல் நினோ என்னும் நிகழ்வு 1877-78-இல் மிகக் கடுமையாக இருந்தது என்றும், இந்தியாவோடு சீனத்திலும் பிரேசிலிலும் ஒரே காலத்தில் பஞ்சம் தோன்ற அது காரணமாயிற்று என்றும் இன்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். அன்று அதை அறிந்தவர் எவருமில்லை. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' இப்பஞ்சத்தையே பாடுபொருளாகக் கொண்டது.

இங்கே ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1873-74-இல் பீகார், வங்காளப் பகுதியில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசி தருவித்து உயிர்ச்சேதத்தை வெகுவாகத் தடுத்தவர் இவர். அதற்குக் கிடைத்த பரிசு கண்டனம். அளவுக்கு மீறிச் செலவழித்தார் என்றார்கள். அதே மனிதரை 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு சென்னைக்கு அனுப்பினார். பழைய கண்டனத்தை மறவாத டெம்பிள், இம்முறை சிக்கனத்தின் உருவமாக வந்தார். நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆணுக்கு ஒன்றரை ராத்தல் தானியத்துக்குரிய கூலி இருந்தது. அதை ஒரு ராத்தல் அளவுக்குக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று விடாது வாதிட்டார். மே மாதத்தில் கூலி உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் மாண்டவர்களுக்கு அந்த உயர்வு பயன்படவில்லை. உயிர் காத்தவர் கணக்கில் தோற்றதாகவும், கணக்கில் வென்றவர் உயிர்களை இழந்ததாகவும் முடிந்த கதை இது.

1877 ஆகஸ்டில் சென்னையில் பொதுக்கூட்டம் கூடியது. லண்டன் மேயருக்குத் தந்தி பறந்தது. மான்ஷன் ஹவுஸ் நிதி தொடங்கியது. இங்கிலாந்தின் நகரங்களிலிருந்தும் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களிலிருந்தும் பணம் வந்தது. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி நிர்வாகக் குழுவின் கௌரவச் செயலாளர். காலநிலைப் பேரிடர் ஒன்றுக்காகப் பன்னாடுகளிலிருந்து திரண்ட நிதியைச் சென்னையில் அமர்ந்து ஒருங்கிணைத்தவர் என்ற வகையில், என் மாணவருக்கு அவரை முன்னோடி என்றே சொல்லலாம்.

குழுவின் முன் நின்ற சிக்கல்களும் இன்றைக்குப் பழக்கமானவையே. அரசின் செலவும் நன்கொடையாளர் செலவும் ஒன்றன்மீது ஒன்று விழக்கூடாது. உயிர்காப்பது அரசின் கடமை என்றும், அரசு செய்யாததைச் செய்வது நிதியின் வேலை என்றும் எல்லை வகுத்தார்கள். விதைநெல், உழவுமாடு, கூரை, துணி ஆகியவற்றுக்கு நிதியின் பெரும்பகுதி சென்றது. மாவட்டங்களில் உள்ளூர்க் குழுக்கள் அமைந்து பெயர்ப்பட்டியல் தயாரித்தன. நாணயமாற்றும் குறுக்கிட்டது. வெள்ளியின் விலை சரிந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஷில்லிங்குக்கு இறங்கியிருந்தது. ஆகவே லண்டனில் ஒருவர் இட்ட பவுன் சென்னையில் அதிக ரூபாயாக மாறியது. வந்தது நன்கொடை என்பதால் மாற்றுவிகிதம் நமக்குச் சாதகமாயிற்று. இந்தக் குறிப்பை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது தலைகீழாகும்.

பஞ்சம் தணிந்ததும் டிக்பி 1878-இல் இரண்டு தொகுதிகளில் அதன் வரலாற்றை வெளியிட்டார். அரசின் தவறுகளையும் நிதியின் வரவு செலவையும் பொதுவில் வைத்த நூல் அது. ஆயினும் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, லண்டனில் அச்சாயிற்று. கணக்கு, கொடுத்தவர்களிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பெற்றவர்களிடம் வரவில்லை.

இதே காலத்தின் இன்னொரு கணக்கு மேலும் கசப்பானது. இனிவரும் பஞ்சங்களுக்கெனப் பஞ்சக் காப்பு நிதி ஒன்றை அரசு அறிவித்தது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொல்லிப் புதிய வரிகளை விதித்தது. அடுத்து ஆப்கானிஸ்தான் போர் வந்தது, ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. வரி மட்டும் நிற்கவில்லை.

மக்களின் உழைப்பில் எஞ்சி நிற்பது ஒரு கால்வாய். 1806-இல் கொக்ரேன் கால்வாய் என்ற பெயரில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய நீர்வழி அது. பஞ்சகாலத்தில் நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி வெட்டப்பட்டது. 1878-இல் கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

*

அந்தக் கால்வாயின் கரையோடு வடக்கே சென்றால் திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தை அடையலாம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம். இங்கே இன்றைய கதை தொடங்குகிறது.

2021-இல் ஆசிய வளர்ச்சி வங்கி, கொசஸ்தலை வடிநிலப் பகுதியில் வெள்ளத் தடுப்புக்காக 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. காலநிலை மாற்றத்தைத் தாங்கும் நகரம் என்பது அதன் நோக்கம். 588 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய மழைநீர் வடிகால்கள் அதில் அடங்கும். திருவொற்றியூர், மணலி போன்ற பகுதிகள் இதன் எல்லைக்குள் வருகின்றன. பணி மாநகராட்சியைச் சேர்ந்தது.

பணம் வரும் வழியை என் மாணவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை. மாநில அரசு பெரும்பாலும் தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து முதலில் செலவழிக்கிறது. பொறியாளர் களத்தில் அளந்து அளவைப் புத்தகத்தில் எழுதுகிறார். அதன்படி ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை வழங்கப்படுகிறது. அந்தச் செலவுகளைத் திரட்டி, வங்கியின் விதிகளுக்கு உட்பட்டவை எவை என்று பிரித்து, தலைநகரிலுள்ள வெளியுதவிக் கணக்கு, தணிக்கைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தின் வழியே வங்கியிடம் கோருகிறார்கள். அதன் பின்னரே பணம் திரும்பி வருகிறது. ஒரு ரசீது குறைந்தாலும், ஒப்பந்தப்புள்ளி விதி ஒன்று வழுவினாலும், அந்தச் செலவு ஏற்கப்படாமல் போகலாம். ஆண்டுதோறும் தணிக்கை, அதற்கப்பால், அகற்றப்படுவோர்க்கும் பிழைப்பு பாதிக்கப்படுவோர்க்கும் என்ன செய்தோம் என்ற தனி அறிக்கை.

இதைக் குமாஸ்தா வேலை என்று இகழ்வதற்கில்லை. ஒரு தாள் ஒரு மேசையில் மூன்று மாதம் தங்கினால், ஒரு வடிகால் ஒரு மழைக்காலம் பிந்தும். எங்கள் பகுதியில் ஒரு மழைக்காலம் பிந்துவதன் பொருளை 2015-உம், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரும் காட்டியுள்ளன. பின்னதில் மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிப் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிக்கொண்டதை மறக்க இயலாது.

ஆனால் 1877-க்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அன்று வந்தது நன்கொடை, இது கடன். 2005 வரை வெளிநாட்டுக் கடனை மத்திய அரசு ரூபாயில் மாற்றி, ஒரு பகுதியை மானியமாகவும் சேர்த்து மாநிலங்களுக்குத் தந்தது. பன்னிரண்டாவது நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பின், தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்குக் கடன் எந்த நிபந்தனையில் வந்ததோ அதே நிபந்தனையில் கைமாற்றப்படுகிறது. நாணயமாற்றின் இடர் மாநிலத்தையே சேரும். 2021-இல் டாலர் ஏறத்தாழ 74 ரூபாய். 2025-இல் 85-ஐத் தாண்டிவிட்டது. அன்று ரூபாய் சரிந்தபோது பசித்தவனுக்குக் கூடுதலாக ஒரு பிடி கிடைத்தது. இன்று சரிந்தால் திருப்பித் தரவேண்டிய தொகை கூடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலவில்லை. எண்ணூரில் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்ததற்கும், அதற்கு நிலக்கரி இறக்க வகைசெய்து 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்துக்கும் கடன் அளித்தவற்றுள் இதே ஆசிய வளர்ச்சி வங்கியும் உண்டு. அன்று மின்சாரம் தேவையாக இருந்தது. தமிழ்நாடு கேட்டது, வங்கி கொடுத்தது. அதில் சதி எதுவுமில்லை. அந்த நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையின் கழிமுகத்தில் படிந்து நீரோட்டத்தைத் தடுத்ததும் வரலாறே. வடிகாலுக்குக் கடன் ஒப்பிய அதே 2021-இல், புதிய நிலக்கரி மின்நிலையங்களுக்கு இனி நிதியில்லை என்று வங்கி தன் கொள்கையை மாற்றியது. ஆக, ஒரே ஆற்றின் கரையில் கரிக்கும் கடன், வெள்ளத்துக்கும் கடன். இரண்டும் தனித்தனிப் பேரேடுகள். ஒவ்வொன்றும் தணிக்கையில் சரியாகவே இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பேரேடு எந்த அலுவலகத்திலும் இல்லை. அது எண்ணூர் மீனவரின் நினைவில் மட்டும் இருக்கிறது.

*

மாணவருக்கு நான் சொன்ன சொல்லுக்குத் திரும்புகிறேன். 'ஈடு' என்பதற்குத் தமிழில் இருவேறு பொருள் உண்டு. ஈடுகட்டினால் இழந்ததற்குச் சமமாகத் தருவது. ஈடுவைத்தால் இருப்பதை அடகு வைப்பது. 2022-இல் எகிப்தில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, பாதிக்கப்பட்ட நாடுகளுக்கென இழப்பு, சேத நிதி ஒன்றை அமைக்க இசைந்தது. நம் மொழியில் அதை 'இழப்பீடு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடலாம். அது முதற்பொருள். வடசென்னைக்கு இதுவரை வந்திருப்பது பெரிதும் இரண்டாம் பொருளில். எது எந்த ஈடு என்று மக்களுக்குப் புரியும்படி சொல்வதும் நிதி ஒருங்கிணைப்பின் ஒரு பகுதியாக வேண்டும்.

அது கடினமான செயலன்று. திட்டத்தின் தொகை எவ்வளவு, அதில் கடன் எவ்வளவு, எந்தத் தெருவுக்கு எவ்வளவு, முடிந்தது எவ்வளவு என்பதைத் தமிழில் எழுதி வட்ட அலுவலக வாசலிலும் மீனவர் ஊர்க்கூடங்களிலும் வைக்கலாம். மணிலாவுக்கும் தில்லிக்கும் மாதந்தோறும் அறிக்கை எழுதும் கைக்கு, திருவொற்றியூருக்கு ஒரு பக்கம் எழுதுவது சுமையாகாது.

1782-இன் கஞ்சித் தொட்டியில் குறைகள் பல இருந்திருக்கும். ஆனால் அது தெருவில் இருந்தது. வரிசையில் நின்றவன் எட்டிப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்தது. மாணவரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "முதல்ல எங்க அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிறேன் ஐயா" என்றார்.